வெள்ளோட்டம்

தமிழில் ‘வெள்ளோட்டம்’ என்றொரு சொல் உண்டு. புதிதாகச் செய்த தேரைத் திருவிழாவுக்கு முன்பே வீதியில் இழுத்துச் சோதிப்பதற்கு அப்பெயர் வழங்கும். தேரைச் செய்த தச்சர்கள் அச்சையும் சக்கரங்களையும் கவனித்தவாறே உடன் நடப்பார்கள். வடம் தாங்குகிறதா, முட்டுக்கட்டை இட்டதும் சக்கரம் நிற்கிறதா, தெருமுனையில் தேர் இடிபடாமல் திரும்புகிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். அன்று உற்சவமூர்த்தியைத் தேரில் எழுந்தருளச் செய்வதில்லை. குறை ஏதேனும் தென்பட்டால் தேர் நிலைக்குத் திரும்பும். தச்சர்கள் உளியை எடுப்பார்கள். குறை வெளிப்பட வேண்டும் என்பதற்காகவே நடத்தப்படும் ஓட்டம் அது.

தமிழ்நாட்டுக்கு வெளியே பிறந்து வளரும் உங்களில் பலர் தேரின் வெள்ளோட்டத்தைப் பார்த்திருக்கமாட்டீர்கள். ஆயினும் உங்கள் வீட்டிலுள்ள திறன்பேசிக்குள் ஒவ்வோர் ஆண்டும் ஒரு வெள்ளோட்டம் நடக்கிறது. திறன்பேசியை இயக்கும் மென்பொருளின் புதிய பதிப்பு பொதுமக்களுக்கு வருமுன், ‘பீட்டா’ என்னும் சோதனைப் பதிப்பாகச் சிலரிடம் ஓடிப் பார்க்கப்படுகிறது. நான் அதை வெள்ளோட்டப் பதிப்பு என்றே வகுப்பில் சொல்வேன். அப்பெயரைக் கேட்டதும், அதில் எதை ஏற்றக்கூடாது என்பதும் மாணவர்களுக்கு விளங்கிவிடுகிறது.

தமிழாசிரியனுக்கு மென்பொருளில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். ஊரை விட்டு வெகுதொலைவில் பணிபுரியும் எனக்கும், உங்கள் பெற்றோருக்கும், திறன்பேசி வெறும் கருவியன்று. நம் ஊருக்குப் போகும் பாதை அதுதான். மாதத் தொடக்கத்தில் முதியோருக்குப் பணம் அனுப்புவது அதன் வழியே. தங்கை மகளின் காதுகுத்தைப் பார்ப்பது அதன் வழியே. இரயில் பயணச்சீட்டு, வங்கிக் கணக்கு, ஆதார் நகல், பள்ளிக் கட்டண இரசீது என யாவும் அதற்குள் இருக்கின்றன. அதன் கதவை யாருக்குத் திறந்துவிடுகிறோம் என்பது ஒரு குடும்பத்தின் கவலை. ஆதலால் அது ஆசிரியனின் கவலையும் ஆகும்.

புதிய பதிப்பு நம் கைக்கு ஏன் தாமதமாக வருகிறது? ஆண்ட்ராய்டை எடுத்துக்கொள்வோம். கூகுள் நிறுவனம் அடிப்படை மென்பொருளை வெளியிடுகிறது. திறன்பேசி செய்யும் நிறுவனங்கள் தத்தம் கருவிகளுக்கு ஏற்ப அதை மாற்றி அமைக்கின்றன. ஒரே பெயரில் விற்கப்படும் கருவியும் நாட்டுக்கு நாடு வேறுபடலாம். ஒரு நாட்டின் தொலைத்தொடர்பு அலைவரிசைகள் மற்றொரு நாட்டில் இல்லாமல் போகலாம். எனவே ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியே சோதனை தேவைப்படுகிறது. சோதனை முடிந்த பின்னரும் எல்லாருக்கும் ஒரே நாளில் அனுப்புவதில்லை. முதலில் சிறு பகுதியினருக்கு அனுப்பி, குறை எழுகிறதா என்று பார்த்து, பிறகே மற்றவர்களுக்கு அனுப்புவது வழக்கம். நாம் காத்திருக்கும் நாள்களில் நமக்காக யாரோ சோதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இத்தனை சோதனைக்குப் பின்னும் தவறு நேர்வதுண்டு. 2014 செப்டம்பர் 24 அன்று ஆப்பிள் நிறுவனம் ஐ.ஓ.எஸ் 8.0.1 என்னும் புதுப்பிப்பை முறைப்படி வெளியிட்டது. அதை நிறுவியவர்களுள் ஐபோன் 6, ஐபோன் 6 பிளஸ் வைத்திருந்த சிலருக்குத் தொலைபேசி அலைத்தொடர்பே அற்றுப்போயிற்று. விரல்ரேகைப் பூட்டும் வேலை செய்யவில்லை. நிறுவனம் அன்றே அதைத் திரும்பப் பெற்றது. பாதிக்கப்பட்ட கருவிகள் 40,000-க்கும் குறைவு என்று அறிவித்து, வருத்தம் தெரிவித்து, மறுநாளே திருத்திய பதிப்பை வெளியிட்டது. முறையாக வந்த பதிப்பே இவ்வாறு தடுமாறக்கூடும் என்றால், முறையின்றி முந்தி வரும் பதிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? முன்னதற்குப் பொறுப்பேற்க ஒருவர் இருந்தார். பின்னதற்கு யாரும் இல்லை.

நான் பணிபுரியும் இரயில்வே நகரத்தில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் உண்டு. தந்தை பணிமனையில் வேலை பார்ப்பவர். மூத்த மகன் அப்போது பதினொன்றாம் வகுப்பில் படித்தான். துடிப்பானவன், கருவிகளில் ஆர்வம் மிக்கவன். அவனுடைய நண்பன் ஒருவனின் திறன்பேசிக்குப் புதிய பதிப்பு வந்துவிட்டது. திரையின் தோற்றம் மாறியது. நண்பர்கள் சூழ்ந்து நின்று வியந்தார்கள். தன் தந்தையின் திறன்பேசிக்கு அது வர இன்னும் சில மாதங்கள் ஆகும் என்று அறிந்ததும் இவனுக்குப் பொறுக்கவில்லை. யாரோ அனுப்பிய இணைப்பிலிருந்து ஒரு கோப்பை இறக்கினான். அது அதே பெயருடைய கருவிக்கானதுதான். ஆனால், வேறொரு நாட்டில் விற்கப்படும் வகைக்கானது.

நிறுவியதும் திரை அழகாக வந்தது, அலைத்தொடர்பு போய்விட்டது. பதறிய அவன், பழைய பதிப்புக்குத் திரும்ப முயன்றான். அதன்பின் திறன்பேசி நிறுவனச் சின்னத்தைக் காட்டியபடியே நின்றுவிட்டது. பழுதுநீக்கும் கடையில், உள்ளே இருப்பவை அனைத்தையும் அழித்தால்தான் கருவியை மீட்க முடியும் என்றார்கள்.

அந்தத் திறன்பேசியில் என்ன இருந்தது என்பதை மறுநாள் அவனே என்னிடம் வந்து சொன்னான்.

“பாட்டி இறந்து ஒன்பது மாதம் ஆகிறது, ஐயா. பாட்டி பேசி அனுப்பிய குரல்செய்திகளை அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் போட்டுக் கேட்பார். அவை வேறெங்கும் இல்லை” என்றான்.

“அப்பா என்ன சொன்னார்?” என்று கேட்டேன்.

“ஒன்றும் சொல்லவில்லை, ஐயா. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.”

சேமிப்பிடம் நிறைந்துவிட்டதால் காப்புப்படி எடுப்பது எப்போதோ நின்றுபோயிருந்தது. பாட்டிக்கெனத் தனித் திறன்பேசி இருந்ததில்லை. ஊரிலிருந்த அத்தையின் திறன்பேசியில்தான் பேசி அனுப்புவாராம். அத்தையோ சென்ற ஆண்டு கருவியை மாற்றியிருந்தார். அவர் தேடிப் பார்த்ததில் மூன்றே மூன்று குரல்செய்திகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்றில், ஊறுகாய்ச் சாடியைத் துணி சுற்றி அனுப்பியிருப்பதாகவும், வண்டியில் அதைச் சாய்த்து வைக்க வேண்டாம் என்றும் பாட்டி சொல்லியிருந்தார். மற்றவை போயின. அந்த மாதம் ஊருக்கு அனுப்ப வேண்டிய பணமும் பத்து நாள் தாமதமாயிற்று. வங்கிச் செயலியைப் புதிதாக நிறுவி, மீண்டும் சரிபார்த்து முடிக்க அவ்வளவு நாள் ஆயின.

அம்மாணவன் கெட்டவன் அல்லன். முந்திப் பெறுவது பெருமை என்று நினைத்தான், அவ்வளவே. வெள்ளோட்டத் தேரில் வீட்டின் மூர்த்தியை ஏற்றிவிட்டோம் என்பது அவனுக்குப் பின்னரே தெரிந்தது.

இதில் மற்றோர் ஆபத்தும் உண்டு. அவன் இறக்கிய கோப்பு தவறான வகைக்கானதாக இருந்ததே தவிர, தீய நோக்குடையதன்று. எல்லாக் கோப்புகளும் அப்படியிருப்பதில்லை. 2016 ஜூலையில் ‘போக்கிமான் கோ’ என்னும் விளையாட்டு ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளில் முதலில் வெளிவந்தது. மற்ற நாட்டவர்கள் காத்திருக்க மனமின்றி, வேறு இடங்களிலிருந்து அதை இறக்கிக்கொண்டார்கள். சில நாள்களிலேயே, அவ்விளையாட்டைப் போன்ற ஒரு போலிக் கோப்பில் ‘டிராய்டுஜேக்’ என்னும் ஒற்றுமென்பொருள் ஒளிந்திருப்பதைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். திறன்பேசியை வேறொருவர் தொலைவிலிருந்தே ஆட்டிவைக்க அது வழிசெய்யும். விளையாட்டு முறைப்படி இந்தியாவுக்கு வந்ததோ அவ்வாண்டு டிசம்பரில். ஐந்து மாதப் பொறுமைக்கு அஞ்சி, வீட்டுச் சாவியைத் திருடனிடம் கொடுப்பது எவ்வகை அறிவு?

2021 மார்ச்சில் ஸிம்பீரியம் என்னும் பாதுகாப்பு நிறுவனம் இன்னொன்றைக் கண்டறிந்து வெளியிட்டது. ‘இயங்குதளப் புதுப்பிப்பு’ என்ற பொருள்படும் பெயரையே சூடிக்கொண்டு வந்த ஒற்றுமென்பொருள் அது. செய்திகளைப் படிக்கவும், அழைப்புகளைப் பதிவுசெய்யவும், படம் எடுக்கவும் வல்லது. கூகுளின் செயலிக் கடையில் அது இடம்பெறவே இல்லை; வெளியிலிருந்து இறக்கியவர்களிடம் மட்டுமே புகுந்தது.

முறையான புதுப்பிப்பில் அதைச் செய்த நிறுவனத்தின் எண்ணிம முத்திரை இருக்கும். அக்காலத்தில் ஓலையைப் பெற்றவர் அரசமுத்திரையைப் பார்த்த பின்னரே அதை ஏற்பதுபோல, திறன்பேசி அம்முத்திரையைச் சரிபார்த்த பிறகே புதுப்பிப்பை ஏற்கும். முறையற்ற பதிப்புகள் பலவற்றை நிறுவ வேண்டுமென்றால், முதலில் இக்காவலைத் தளர்த்த வேண்டும். பொதுவாக அதைத் தளர்த்தும்போதே உள்ளிருக்கும் தரவுகள் அழிக்கப்படும். அதன்பின் வங்கிச் செயலிகள் சில இயங்க மறுக்கும்; பழுதானால் உத்தரவாதமும் கிடைக்காமல் போகலாம். பழைய பதிப்புக்குத் திரும்பவிடாத தடையும் சில கருவிகளில் உண்டு. அம்மாணவன் சிக்கியது இத்தகைய ஒருவழிப் பாதையில்தான்.

இதைக் கேட்டுவிட்டுப் புதுப்பிப்பே வேண்டாம் என்று யாரும் முடிவு செய்துவிட வேண்டாம். 2017 மே மாதத்தில் ‘வான்னகிரை’ என்னும் தீநிரல் உலகெங்கும் கணினிகளை முடக்கியது. இங்கிலாந்தின் மருத்துவமனைகளும் தப்பவில்லை. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாப்ட் நிறுவனம் அவ்வாண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அதை நிறுவாமல் விட்ட கணினிகளே பெரிதும் அகப்பட்டன. முறைப்படி வந்ததைத் தள்ளிப்போடுவதும் தவறு. முறைப்படி வராததை முந்திக்கொண்டு பெறுவதும் தவறு.

ஆர்வம் உடையவர்களுக்கு நேர்வழியும் இருக்கிறது. ஆப்பிள் 2015 முதலும், கூகுள் 2016 முதலும் தம் திறன்பேசி இயங்குதளங்களின் வெள்ளோட்டப் பதிப்புகளைப் பொதுமக்கள் பதிவுசெய்து பெற வகைசெய்திருக்கின்றன. குறை கண்டால் தெரிவிக்கும் வழியையும் தந்திருக்கின்றன. அவ்வழியில் செல்வோர் தச்சரோடு உடன் நடப்பவர்கள். அவர்களால் எல்லாருக்கும் நன்மை உண்டு. ஆனால், அவர்களும் அன்றாடம் பயன்படுத்தாத வேறொரு கருவியில்தான் அதைச் செய்ய வேண்டும். வீட்டின் ஒரே திறன்பேசி அதற்கு உரியதன்று.

ஆகவே, மாணவர்களே, யாரேனும் ஒரு புதிய பதிப்பை முந்தித் தருவதாகச் சொன்னால் மூன்று வினாக்களைக் கேளுங்கள். இதை அனுப்புபவர் யார், தவறு நேர்ந்தால் அவர் பொறுப்பேற்பாரா? பிடிக்காவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப வழி உண்டா? இந்தக் கருவிக்குள் இருப்பவற்றுள் மீண்டும் பெற முடியாதவை எவை? மூன்றாவது வினாவுக்கு உங்கள் தந்தையையும் தாயையும் கேட்டுத்தான் விடை சொல்ல முடியும். அவர்கள் சொல்லும் விடை உங்களை வியக்க வைக்கலாம். நீங்கள் பார்த்திராத ஊர்க்கோயில் படம் இருக்கும். நீங்கள் கேட்டிராத முதியவர் ஒருவரின் குரல் இருக்கும்.

அவற்றை இந்த வார விடுமுறையிலேயே பெற்றோருடன் அமர்ந்து வேறோர் இடத்தில் படியெடுத்து வையுங்கள். ஊரிலிருக்கும் உறவினர் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். குரல்களுக்கு யார், எந்த நாள், எந்த ஊர் என்று தமிழில் பெயரிடுங்கள். தொழில்நுட்பம் அறிந்த பிள்ளை வீட்டில் இருப்பதன் பயன் அதுவே. புதிய பதிப்பு தன் நாளில் தானே வரும்.