வரிசை யாரைப் பார்த்து நிற்கிறது?

ஓசூர்க்காரர்களுக்குப் பொருளாதாரத் தடை என்றால் என்னவென்று யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. காவிரியில் தண்ணீர் குறைந்தால் போதும், ஜூஜூவாடியில் எங்களுக்குப் பாடம் ஆரம்பமாகிவிடும். 2016 செப்டம்பரில் பார்த்தோமே! தமிழ்நாட்டு பஸ் ஜூஜூவாடியோடு நின்றது. கர்நாடக பஸ் அத்திப்பள்ளியோடு நின்றது. நடுவில் பெட்டி, படுக்கை, கைக்குழந்தையோடு ஜனங்களுக்கு நடராஜா சர்வீஸ். எல்லையில் லாரிகள் வரிசை கட்டி நின்றன.

அப்போது எங்கள் டீக்கடைகளில் திட்டு யாருக்கு விழுந்தது? அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு. அந்தப் பக்கத்து டீக்கடையில்? நமக்கு. 'நம்ம அரசாங்கம் என்ன பண்ணுது?' என்று சொந்த முதலமைச்சரைக் கேட்டவர்களை, இரண்டு பக்கமும் சேர்த்து விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இந்தச் சின்ன விஷயத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது பெரிய விஷயத்துக்குப் போவோம்.

ஒரு நாடு போரில் இறங்குகிறது. மற்ற நாடுகள் கூடிப் பேசி, 'உன் எண்ணெயை வாங்க மாட்டோம், உனக்கு உதிரி பாகம் விற்க மாட்டோம், எங்கள் பேங்கில் நீ போட்ட பணத்தைத் தர மாட்டோம்' என்கின்றன. இதன் பின்னால் உள்ள கணக்கு ரொம்ப சுலபம். விலை ஏறும், ஜனங்களுக்குக் கோபம் வரும், ஆள்பவரின் நாற்காலி ஆடும். பி.காம். படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்... பேப்பரில் அழகாக டேலி ஆகிற கணக்கு இது.

நடப்பில் டேலி ஆகிறதா?

நம் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டு வெடித்தோம். அமெரிக்காவும் ஜப்பானும் இன்னும் சில நாடுகளும் தடை விதித்தன. நான் அப்போது காலேஜில் சேரக் காத்திருந்த பையன். 'மிஷினுக்கு ஸ்பேர் வருமா, வராதா?' என்று சிப்காட் பக்கம் பெரியவர்கள் கவலையோடு பேசிக்கொண்டது நினைவிருக்கிறது. ஆனால் நடந்தது என்ன? அதே ஆகஸ்டில் ஸ்டேட் பேங்க் 'ரிசர்ஜென்ட் இந்தியா பாண்ட்' வெளியிட்டது. வெளிநாட்டில் வாழும் இந்தியர்கள் 400 கோடி டாலருக்கு மேல் கொண்டுவந்து கொட்டினார்கள்.

1999 ஏப்ரலில் வாஜ்பாய் அரசு ஒரே ஓட்டில் கவிழ்ந்தது வாஸ்தவம்தான். ஆனால் அதைக் கவிழ்த்தது வெள்ளை மாளிகை அல்ல, போயஸ் கார்டன்! அடுத்த மாதமே கார்கில் போர். தடைகளில் பல அமலில் இருக்கும்போதே போர் நடந்தது, தேர்தல் நடந்தது, அதே வாஜ்பாய் மறுபடியும் பிரதமரானார். மிச்சமிருந்த தடைகளை 2001 செப்டம்பரில் அமெரிக்காவே விலக்கிக்கொண்டது.

'அது ஜனநாயக நாடு சார், துப்பாக்கி முனையில் ஆள்கிற இடத்தில் வேறு மாதிரி நடக்கும்' என்பீர்கள். அப்படியானால் இதையும் கேளுங்கள்.

எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் உண்டு. சில வருடங்களுக்கு முன் அங்கே ஒரு பெரியவரோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்துக்காரர். 1990 ஜூனில் போர் மறுபடி மூண்டதும், புலிகளின் கையிலிருந்த வடக்குக்குக் கொழும்பு அரசு பொருளாதாரத் தடை போட்டது. பெட்ரோல், டீசல், பேட்டரி, சிமென்ட், உரம் என்று பட்டியல் நீளம். மருந்துக்குக்கூடக் கட்டுப்பாடு. கரண்ட் அறவே கிடையாது.

"ஜாம் போத்தலுக்குள்ள கொஞ்சம் பஞ்சு, கொஞ்சம் எண்ணெய், ஒரு திரி. அதுதான் தம்பி விளக்கு. சைக்கிளைக் கவிட்டு வைச்சு, டைனமோவைச் சுத்தித்தான் ரேடியோவில செய்தி கேட்டனாங்கள்" என்றார்.

கொழும்பின் கணக்குப்படி, அந்த இருட்டில் ஜனங்கள் புலிகளை வெறுத்திருக்க வேண்டும். பெரியவருக்குப் புலிகள் மேல் குறை இல்லாமல் இல்லை. வீட்டுக்கு இரண்டு பவுன் என்று நகை வாங்கினார்கள். ஊரை விட்டு வெளியே போவதென்றால் அவர்களிடம் பாஸ் வாங்க வேண்டும். அதையெல்லாம் மனம் விட்டே சொன்னார். பிறகு தங்கையைப் பற்றிச் சொன்னார். சர்க்கரை நோயாளி. 1993-ல் இன்சுலின் நேரத்துக்குக் கிடைக்காமல் இறந்துபோனாள்.

"அப்போ கோபம் யார் மேல ஐயா வந்தது?" என்று கேட்டேன்.

"மருந்தைத் தடுத்தவன் மேலதான். இயக்கத்தோட எனக்கு ஆயிரம் பிரச்சினை. ஆனா செத்த வீட்டில நிண்டு அதைக் கதைக்க ஏலுமோ தம்பி?"

நான் படித்த எந்தப் பொருளாதாரப் புத்தகத்திலும் இந்த பதில் இல்லை.

புலிகள் கையிலிருந்து யாழ்ப்பாணம் போனது 1995 கடைசியில். பெரும்படையோடு ராணுவம் உள்ளே நுழைந்ததால் போனது. ஐந்து வருட மண்ணெண்ணெய்ப் பஞ்சத்தால் அல்ல.

கோபம் வெளியே திரும்புவது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. பொருள் கிடைக்காத ஊரில், இருப்பதைப் பங்கு போடுகிறவன்தான் ராஜா. இராக்கைப் பாருங்கள். 1990-ல் குவைத்துக்குள் புகுந்ததற்காக ஐ.நா. தடை போட்டது. சதாம் உடனே ரேஷன் கார்டு கொடுத்தார். மாவு, அரிசி, சர்க்கரை எல்லாம் அவர் அரசாங்கம் அளந்தால்தான் உண்டு. ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவர் கடைக்காரரைப் பகைத்துக்கொள்வாரா? தடை 13 வருடம் நீடித்தது. சதாமும் 13 வருடம் நீடித்தார். 2003-ல் அமெரிக்க டாங்கிகள் போய்த்தான் அவரை இறக்க முடிந்தது.

ரஷ்யாவும் அப்படித்தான். 2022-ல் உக்ரைன் போர் தொடங்கியதும் ரஷ்யாவின் சுமார் 30,000 கோடி டாலர் கையிருப்பை மேற்கு நாடுகள் முடக்கின. 2024 மார்ச்சில் புதின் 87 சதவிகித ஓட்டு வாங்கியதாக அறிவித்துக்கொண்டார். எதிர்த்து நிற்கக்கூடியவர்களைத் தேர்தலுக்கு முன்பே ஒழித்துக்கட்டியிருந்தார் என்பது வேறு விஷயம். கூத்து என்னவென்றால், ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்கு அபராதம் என்று 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்குக் கூடுதலாக 25 சதவிகித வரி போட்டு, மொத்தத்தை 50 ஆக்கியது. மாஸ்கோவைப் பார்த்து ஓங்கிய கை, திருப்பூர் பனியன் மேல் விழுந்தது.

சரி, பஞ்சத்தால் ஆட்சி கவிழவே கவிழாதா? கவிழும். அதற்கும் இலங்கைக்கே போக வேண்டும்.

2009-ல் போரை முடித்த ராஜபக்சே சகோதரர்களை யாராலும் அசைக்க முடியாது என்றார்கள். 2010-ல் மனித உரிமையைக் காரணம் காட்டி, ஐரோப்பிய யூனியன் இலங்கைக்குத் தந்துவந்த ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச் சலுகையை நிறுத்தியது. அது மகிந்தவை இறக்கவில்லை. இன்னும் நாலரை வருடம் ஆண்டார். ஆனால் தம்பி கோத்தபய? 2020-ல் டாலரை மிச்சம் பிடிக்க வாகன இறக்குமதியை நிறுத்தினார். 2021-ல் ரசாயன உரத்தைத் தடை செய்தார். எந்த வெளிநாடும் போடாத தடையைத் தன் நாட்டுக்குத் தானே போட்டுக்கொண்டார்! 2022-ல் பெட்ரோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் கிலோமீட்டர் கணக்கில் வரிசை. வரிசையில் நின்றபடியே செத்தவர்கள் உண்டு. ஜூலையில் ஜனங்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தார்கள். போரை ஜெயித்தவர் மாலத்தீவுக்கு ஓடினார்.

யாழ்ப்பாணத்தில் நின்றதும் மண்ணெண்ணெய் வரிசை, கொழும்பில் நின்றதும் மண்ணெண்ணெய் வரிசை. அங்கே கைகாட்ட ஒரு எதிரி இருந்தான். இங்கே யாரும் இல்லை, வரிசை நேராக மாளிகையைப் பார்த்துத் திரும்பிவிட்டது.

அதற்காகத் தடையே வீண் என்று சொல்ல வரவில்லை. துப்பாக்கிக்கு ஆகிற செலவை ஏற்றிவிடும். போர் நடத்துகிறவனின் கஜானாவைக் கரைக்கும். தென்னாப்பிரிக்காவில் ஆட்சியையே அசைத்தது. அங்கே கறுப்பின மக்களின் தலைவர்களே, 'எங்களுக்கு வலித்தாலும் பரவாயில்லை, தடை போடுங்கள்' என்று உலகத்தைக் கேட்டார்கள். உலகத்தில் முதல் ஆளாக 1946-லேயே வர்த்தகத்தை நிறுத்தியது நம் இந்தியாதான். ஓட்டுரிமை வைத்திருந்த வெள்ளைக்காரர்களுக்கும் பிசினஸில் வலித்தது. தங்கள் அரசாங்கத்தால்தான் இது வந்தது என்று அவர்களுக்கும் புரிந்தது. 1990-ல் மண்டேலா வெளியே வந்தார்.

ஆகவே, அடுத்த முறை டி.வி.யில் 'கடும் பொருளாதாரத் தடை' என்று ஓடினால், எத்தனை கோடி டாலர் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அந்த ஊர் வரிசையில் நிற்கிறவர் யாரைத் திட்டுகிறார் என்று விசாரியுங்கள். ஆட்சி ஆடுமா, ஆடாதா என்பது அதில் தெரிந்துவிடும்.

கூடவே, அந்த வரிசையில் இன்சுலினுக்காக யாராவது நிற்கிறார்களா என்றும் கொஞ்சம் எட்டிப் பாருங்கள்.