வயிற்றில் ஒரு ரூபாய்

ராத்திரி ஒன்பது மணி. ராயபுரத்தில் மகள் வீடு. 'தாத்தா, காசு உள்ளே போயிடுச்சு' என்றான் பேரன், தபால் பெட்டியில் கடிதம் போட்டுவிட்டு வந்தவன் மாதிரி. பக்கத்து வீட்டம்மா வாழைப்பழம் உரித்துக்கொண்டு வந்துவிட்டார். (நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.)

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேவுக்குக் கூட்டம். டியூட்டி டாக்டர் சின்னப் பெண். வாசல் செக்யூரிட்டியிடம் போய் மெட்டல் டிடெக்டரை வாங்கிவந்தார். ரயில்வே ஸ்டேஷனில் நம்மேல் தடவுவார்களே, அதேதான். பையன் பக்கத்தில் கொண்டுபோனதுமே 'பீப்'. பார்த்தால், இடுப்பில் வெள்ளி அரைஞாண்!

1881-ல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டபோது, டெலிபோன் கிரஹாம் பெல் இப்படியொரு கருவியோடுதான் குண்டைத் தேடினார். கட்டிலின் இரும்பு ஸ்பிரிங் குழப்பிவிட்டது. குண்டு கிடைக்கவில்லை, ஜனாதிபதியும் பிழைக்கவில்லை.

அரைஞாணைக் கழற்றி, இரும்புக் கட்டிலை விட்டுத் தள்ளி நிற்கவைத்தார். தொண்டை, நெஞ்சு... சத்தமில்லை. தொப்புளுக்குச் சற்று மேலே 'பீப்'. 'வயித்துக்கு இறங்கிடுச்சு சார். இனி தானா வந்துடும்.' மகளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. உடனே அடுத்த கேள்வி: 'காசுதான்னு யாராவது கண்ணால பார்த்தீங்களா?'

யாரும் பார்க்கவில்லை. தரையில் பொம்மைக் கார் ஒன்று வயிறு திறந்து கிடந்ததுதான் ஞாபகம் வந்தது. பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் மாட்டினால் இரண்டே மணி நேரத்தில் புண்ணாக்கிவிடுமாம். வயிற்றுக்குப் போனாலும் கண்காணிக்க வேண்டும். இந்தக் கருவிக்கோ காசும் பேட்டரியும் ஒன்று. கம்பிச்சுருளின் காந்தப்புலத்தில் உலோகம் வந்தால் அதில் மின்சாரம் சுழலும், கருவி கத்தும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

எக்ஸ்ரே வரிசையில் மாப்பிள்ளைக்குக் கை நடுங்கியது. எண்ணூர் பக்கம் அனல் மின் நிலையத்தில் நிலக்கரி பெல்ட்டைப் பார்த்துக்கொள்பவர். பயத்தை மறைக்கப் பேசிக்கொண்டே இருந்தார். 'எங்க பெல்ட்டிலயும் இதே வேலைதான் மாமா. கரியோட வர்ற போல்ட், நட்டை மேலே தொங்குற காந்தம் இழுத்துக்கும். மண்வாரி இயந்திரத்தோட பல்லு மாங்கனீஸ் எஃகு, காந்தத்துல ஒட்டாது. டிடெக்டர்தான் கண்டுபிடிச்சு பெல்ட்டை நிறுத்தும். விட்டா கிரஷர் காலி!' நான் தலையாட்டினேன். இருவர் கண்ணும் எக்ஸ்ரே அறைக் கதவில்.

படம் வந்தது. பேட்டரியென்றால் விளிம்பில் இரட்டை வளையம் தெரியுமாம். இதில் ஒற்றை வட்டம். காசேதான்.

நாலாம் நாள் காலை வெளியே வந்தது. கழுவி என் மேஜை டிராயரில் பூட்டி வைத்திருக்கிறேன். 'என் காசைக் குடு' என்று தினமும் வந்து நிற்கிறான்.