உறங்கும் கண்களுக்கு ஒரு காவல்

கிட்டப்பார்வை என்னும் சொல்லில் ஒரு கருணை இருக்கிறது. எது தெரியவில்லை என்று அது சொல்வதில்லை. எது தெரிகிறது என்றே சொல்கிறது. எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகப் புழங்கிவரும் சொல் அது. என் அண்ணன் அணிந்திருந்தது மைனஸ் பன்னிரண்டு பவர் கண்ணாடி. ஊரார் அதைச் ‘சோடாபுட்டி’ என்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். நாற்பத்தாறாம் வயதில் ஒரு மாலை, வலக்கண்ணின் ஓரத்தில் மின்னல் வெட்டுவதுபோல் இருக்கிறது என்றார். இரண்டு நாளில் கறுப்புத் திரை ஒன்று மேலிருந்து இறங்கியது. விழித்திரை பிரிந்துவிட்டது. அறுவைச் சிகிச்சை செய்தும் அந்தக் கண்ணின் பார்வை திரும்பவில்லை.

கிட்டப்பார்வை கண்ணாடிக் கடையோடு முடிந்துவிடும் செய்தி அன்று என்பதை நாங்கள் அப்போதுதான் அறிந்தோம். பெரும்பாலும் அது விழிக்கோளம் அளவுக்கு மீறி நீண்டுவிடுவதால் வருவது. நீளம் ஒரு மில்லிமீட்டர் கூடினால் பவர் ஏறத்தாழ இரண்டரை டயாப்டர் ஏறும். ஒளி விழித்திரைக்கு முன்னதாகவே குவிந்துவிடும். கண்ணாடி அந்த ஒளியை மீண்டும் விழித்திரைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆயினும் நீண்ட கண்ணை அது சுருக்காது. நீண்டுகொண்டிருக்கும் கண்ணைச் சாதாரணக் கண்ணாடி நிறுத்தவும் செய்யாது. இழுபட்டு மெலிந்த விழித்திரை பிற்காலத்தில் பிரியும் ஆபத்து, பவர் ஏற ஏறக் கூடுகிறது.

என் மகள் சிங்கப்பூரில் வாழ்கிறாள். அவளுடைய மகளுக்கு ஏழு வயதில் மைனஸ் ஒன்று. எட்டு வயதில் இரண்டேகால். மறு ஆண்டு என்னவாகும் என்று எண்ணி மகள் அஞ்சினாள். மருத்துவர் சில வழிகளைச் சொன்னார்: குறைந்த வீரியமுள்ள அட்ரோபின் சொட்டு மருந்து, தனி அமைப்புள்ள கண்ணாடிகள், இரவில் மட்டும் அணியும் ‘ஆர்த்தோ-கே’ லென்ஸ்.

மூன்றாவது வழி எனக்கு வியப்பளித்தது. உறங்கப் போகுமுன், பிராணவாயு ஊடுருவக்கூடிய கெட்டியான சிறு லென்ஸைக் கருவிழியின்மேல் வைக்கிறார்கள். லென்ஸின் நடுப்பகுதி கருவிழியின் வளைவைவிடச் சற்றுத் தட்டையானது. இரவு முழுவதும் அது கருவிழியின் மேற்புறச் செல்லடுக்கை மெல்ல ஒதுக்குகிறது. நடுவில் குறையும் தடிமன் ஒரு தலைமயிரின் பருமனில் பாதிகூட இராது. காலையில் லென்ஸை எடுத்துவிட்டால் பகல் முழுதும் கண்ணாடியின்றியே தொலைவு தெளிவாகத் தெரிகிறது. அணிவதை நிறுத்தினால் கருவிழி பழைய வடிவுக்குத் திரும்பிவிடும். எனவே இது நோயைக் குணமாக்குவதன்று. கருவிழியின் புதிய வடிவம், விழித்திரையின் ஓரங்களில் ஒளி விழும் முறையை மாற்றி, கண் நீள்வதைத் தணிக்கிறது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

ஹாங்காங்கில் 6 முதல் 10 வயது வரையுள்ள குழந்தைகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2012ஆம் ஆண்டில் வெளியாயிற்று. குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு இரவு லென்ஸும் மற்றதற்குச் சாதாரணக் கண்ணாடியும் கொடுத்தார்கள். 78 குழந்தைகள் ஈராண்டையும் நிறைவு செய்தார்கள். கண்ணாடி அணிந்தோரின் கண் சராசரியாக 0.63 மில்லிமீட்டர் நீண்டது. லென்ஸ் அணிந்தோருக்கு 0.36. வளர்ச்சி நூற்றுக்கு 43 பங்கு குறைந்தது.

மருமகப்பிள்ளை மறுபக்கத்தைப் படித்துவிட்டு வந்திருந்தார். இத்தகைய லென்ஸ் அணிந்த குழந்தைகள் சிலருக்குக் கருவிழியில் கடுமையான கிருமித் தொற்று ஏற்பட்ட செய்திகள் 2001 வாக்கில் கிழக்காசிய நாடுகளிலிருந்து வந்தன. குழாய்த் தண்ணீரில் வாழக்கூடிய அகாந்தமீபா என்னும் நுண்ணுயிரும் அக்கிருமிகளுள் ஒன்று. அமெரிக்காவில் 2013இல் வெளியான கணக்கின்படி, பத்தாயிரம் குழந்தைகள் ஓராண்டு அணிந்தால் ஏறத்தாழ 14 பேருக்குத் தொற்று வரலாம். “அந்தப் பதினான்கில் ஒருத்தி நம் மகளானால், நமக்கு அது பத்தாயிரத்தில் பதினான்கு அன்று, மாமா” என்றார். மகளோ, “பெரியப்பாவின் கண்ணை எந்தக் கணக்கில் சேர்ப்பது?” என்று கேட்டாள். இருவரும் சொன்னதும் அன்பின் பேச்சே. ஒருவர் நாளைக் காலையை நினைத்து அஞ்சினார். மற்றவள் நாற்பது ஆண்டுக்குப் பின்வரும் மாலையை நினைத்து அஞ்சினாள்.

இரு வாரம் சிந்தித்தபின் லென்ஸையே தேர்ந்தார்கள். தீர்மானித்தது மருமகப்பிள்ளை வகுத்த நிபந்தனைகளோடு. சோப்பிட்டுக் கை கழுவி, ஈரமின்றித் துடைத்த பின்னரே லென்ஸைத் தொட வேண்டும். குழாய்த் தண்ணீர் ஒரு துளியும் அதில் படலாகாது. கண் சிவந்தாலோ வலித்தாலோ அன்றிரவு லென்ஸ் கிடையாது; காலையில் மருத்துவர். நான் அங்கிருந்த நான்கு மாதத்தில் ஒருமுறை அந்த விதி சோதிக்கப்பட்டது. மறுநாள் பள்ளியில் நாட்டியம். பேத்தியின் இடக்கண் சிவந்திருந்தது. கண்ணாடியோடு மேடையேற மாட்டேன் என்று அழுதாள். தகப்பனார் அசையவில்லை. வெறும் ஒவ்வாமை என்று மருத்துவர் மறுநாள் சொன்னார். ஆயினும் அன்றிரவு அவர் அசையாதிருந்ததே சரி என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஓராண்டு முடிவில் பேத்தியின் கண் 0.15 மில்லிமீட்டர் நீண்டிருந்தது. அணியாதிருந்தால் எவ்வளவு நீண்டிருக்கும்? அதை அளக்கக் கருவி இல்லை. ஒரு குழந்தை ஒரே ஆண்டை இருமுறை வாழ முடியாது. நாம் பெற்ற நம்பிக்கை பிறர் குழந்தைகளிடமிருந்து வந்தது. லென்ஸ் கிடைக்காத பிரிவில் விழுந்து, ஈராண்டும் சாதாரணக் கண்ணாடியோடு வந்துபோன ஹாங்காங் சிறுவர்கள் இல்லாவிடில் ஒப்பிட ஏதுமில்லை. தண்ணீர் படலாகாது என்னும் எங்கள் வீட்டு விதியின் பின்னால் கண் புண்பட்ட யாரோ சில குழந்தைகள் நிற்கிறார்கள். அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்; இவ்விதிகளை வழுவாமல் காப்பதே அக்கடனைத் தீர்க்கும் வழி.

இந்த லென்ஸுக்குச் செலவு மிகுதி. எல்லாக் கண்களுக்கும் அது பொருந்துவதுமில்லை. ஆனால் இன்னும் கண்ணாடி அணியாத குழந்தைகளுக்குக் காசில்லாத காவல் ஒன்று உண்டு. சீனாவின் குவாங்சோ நகரப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளை நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டார்கள். 2015இல் வெளியான முடிவின்படி, மூன்றாண்டில் மற்றப் பள்ளிகளில் நூற்றுக்கு 39.5 பேருக்குக் கிட்டப்பார்வை வந்திருக்க, இவர்களில் 30.4 பேருக்கே வந்தது. பிள்ளைகள் வெளியே விளையாடும் நேரத்தை வீண் என்று எண்ணும் பெற்றோர் நம்மில் பலர். பகலொளியில் கழியும் அந்த நேரத்தையும் பாடவேளைகளுள் ஒன்றாக எண்ணி, பிள்ளைகளுக்கு அதைத் தவறாமல் அளிப்போமாக.