21 இலக்கமும் ஒரு 630 ரூபாயும்

147573952589676412927. இந்த எண்ணை என் பழைய டைரியில் எழுதி வைத்திருக்கிறேன். 67 இரண்டுகளைப் பெருக்கி, வருவதில் ஒன்றைக் கழித்தால் கிடைப்பது இது. மொத்தம் 21 இலக்கங்கள்.

இது வேறெந்த எண்ணாலும் வகுபடாத பகா எண் என்று 1644-ல் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி எழுதி வைத்தார். 61 என்று இருக்க வேண்டியது 67 என்று விழுந்துவிட்டதோ என்று ஊகிப்பவர்களும் உண்டு. 1876-ல் லூகா என்பவர், இது பகா எண் அல்ல என்று நிரூபித்தார். ஆனால் எந்த எண்ணால் வகுபடும் என்பதை அவரால் சொல்ல முடியவில்லை. தப்பு இருக்கிறது என்று தெரியும். எங்கே என்று தெரியாது!

வங்கியில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த அவஸ்தை புரியும். 1978 ஜூன், அரையாண்டுக் கணக்கு முடிப்பு. சேமிப்புப் பேரேட்டில் 630 ரூபாய் வித்தியாசம். அந்தப் பேரேட்டை எழுதியவன் புதிதாகச் சேர்ந்த பையன், இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. எல்லோரும் அவனைத்தான் பார்த்தார்கள். நானும்தான். ஐந்து இரவுகள் தேடினோம். கடைசியில் தலைமை எழுத்தர் சொன்னார்: "630-ஐ ஒன்பதால வகுத்துப் பாருய்யா. மீதி வரலேன்னா யாரோ இலக்கத்தை இடம் மாத்திப் போட்டிருக்கணும்."

மீதி வரவில்லை. அன்றிரவு தனியாக உட்கார்ந்து தேடினேன். கிடைத்தது. 5,814-ஐ 5,184 என்று எழுதியிருந்தது, பேரேட்டில் அல்ல. அதிலிருந்து நான் எடுத்த பட்டியலில். என் கையெழுத்து. திருத்திவிட்டு, மறுநாள் "டேலி ஆயிடுச்சு" என்று மட்டும் சொன்னேன். யாருடைய தப்பு என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பையனுக்குக் காபி வாங்கிக் கொடுத்தேன்.

நம் எண்ணின் கதையும் ஒருநாள் முடிந்தது. 1903-ல் நியூயார்க்கில் நடந்த கணிதக் கூட்டத்தில் கோல் என்ற பேராசிரியர் விடையைக் காட்டினார்: 193707721 × 761838257287. ஒரு வார்த்தைகூடப் பேசாமல் கரும்பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டு உட்கார்ந்தாராம். இதைக் கண்டுபிடிக்க மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின என்றும் சொல்வார்கள்.

போன வாரம் நானும் சரிபார்த்தேன். முதலில் நம் பழைய முறை: இலக்கங்களைக் கூட்டுவது. முதல் எண்ணுக்கு 37, பிறகு 10, பிறகு 1. அடுத்ததற்கு 64, 10, 1. பெரிய எண்ணுக்கு 109, 10, 1. ஒன்றை ஒன்றால் பெருக்கினால் ஒன்று. சரிதான். ஆனால் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தாலும் கூட்டுத்தொகை மாறாது. அந்தத் தப்பை இந்த முறை காட்டிக்கொடுக்காது. எனக்குத் தெரியாதா?

அதனால் முழுப் பெருக்கலையும் கையால் போட்டேன். முதல் தடவை தவறியது. இரண்டாம் தடவை கடைசி இலக்கம் வரை ஒத்துப்போனது. பழக்கதோஷத்தில் சிவப்பு மையில் ஒரு டிக்கும் போட்டேன்.

தம்பி, நீங்களும் இப்போது ஓய்வு பெற்றிருப்பீர்கள். எங்காவது இதைப் படிக்க நேர்ந்தால் தெரிந்துகொள்ளுங்கள்: அந்த 630 என்னுடையது.