ஊவா மலையில் மீண்டும் அமர்ந்தேன்

விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டனர். விளையாட்டுத் திடலின் வெற்றிகளையும், நாடக மேடையின் சிறப்புகளையும், அதிபர்களின் பெருந்தொண்டினையும் என்னிலும் நன்கு எழுதவல்லார் பலருளர். அவற்றை அவர்களுக்கே விட்டு, கல்லூரி எனக்களித்த வேறொரு செல்வத்தைப் பற்றிச் சில கூற விழைகின்றேன். அது பாடத்திட்டத்தில் இல்லாதது, பரீட்சையில் வினவப்படாதது. விடியற்காலையிலே கால்மணி நேரம் அசையாது அமர்ந்திருக்கும் பழக்கமே அச்செல்வம்.

நான் பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலே பிறந்தவன். தந்தையார் அங்கே கணக்கப்பிள்ளை. 1966ஆம் ஆண்டு, பன்னிரண்டாம் வயதிலே, தகரப்பெட்டியொன்றுடன் பதுளையிலே புகையிரதமேறி, பொல்காவலையிலே வண்டி மாறி, வடக்கே நம் கல்லூரி விடுதியை அடைந்தேன். அக்காலத்திலே தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நாடே நிச்சயமில்லாதிருந்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் எம்மவரை நாடற்றவராக்கியிருந்தது. 1964ஆம் ஆண்டு ஒக்டோபரிலே கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கும், மூன்று இலட்சம் பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டது. எந்தப் பங்கிலே எம் குடும்பம் விழுமோ என்ற கவலையைச் சுமந்து வந்த சிறுவனுக்கு விடுதியிலே உறக்கம் வருமா?

எங்கள் விடுதி ஆசிரியர் அதனைக் கண்டுகொண்டார். ஐந்து மணி மணியோசைக்குப் பின் பிரார்த்தனை மண்டபத்திலே எங்களில் சிலரை அமர்த்துவார். முதுகை நிமிர்த்துங்கள், மூச்சைக் கவனியுங்கள், ஓடும் மனத்தைக் கோபியாமல் திருப்பிக் கொணருங்கள் என்பார். அவர் கற்பித்தது அவ்வளவே. ஆறு ஆண்டுகள் அவ்வாறு அமர்ந்தோம். எனது குடியுரிமைக் கடதாசி அதனால் விரைந்து வந்துவிடவில்லை. ஆயினும் வராத கடதாசியுடன் வாழ்வதற்கு வேண்டிய நிதானம் வந்தது.

ஊவாவுக்குத் திரும்பி ஆசிரியனான பின்னும் பழக்கம் தொடர்ந்தது. 1983ஆம் ஆண்டு ஆடி மாதத்திலே அது நின்றது. அவ்வாண்டின் வன்செயல் பதுளை நகரையும் விட்டுவைக்கவில்லை. கண்ணை மூடி அமர்வதற்கு, ஒரு சிறுபொழுதாவது காவல் வேண்டாமலிருத்தல் வேண்டும். அந்நாட்களுக்குப் பின் நாய் குரைத்தாலும், வீதியிலே லொறியொன்று நின்றாலும் செவி அங்கே ஓடும். குடும்பத்துக்குக் காவலிருந்தவனுக்குத் தியானத்துக்கு மனமேது? ஆண்டு பல சென்றன. பாடசாலையும் பிள்ளைகளும் வீடுமாக வாழ்வு நிறைந்துவிட்டது.

2014ஆம் ஆண்டிலே ஓய்வு பெற்றேன். அவ்வாண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்திலே மலை சரிந்து லயன்களை மூடியது. பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டுத் திரும்பிய தாய்மாரும், வேலைக்குப் புறப்பட ஆயத்தமானோரும் மண்ணுக்குள் போயினர். எங்கள் தோட்டம் அதற்குத் தொலைவிலே உள்ளதெனினும், சரிவிலே கட்டிய லயன் எங்கும் ஒன்றுதானே? அதன்பின் மழை தகரத்திலே விழும் இரவுகளிலே எம்மூரில் உறங்கினோர் சிலரே. எனக்கும் உறக்கம் போயிற்று. வைத்தியர் இரத்த அழுத்தத்தை அளந்து, மாத்திரை எழுதித் தந்து, "மாஸ்டர், மனதைக் கொஞ்சம் அமைதியாக வைத்திருக்கப் பாருங்கள்" என்றார். அவ்வமைதிக்கு வழி எனக்கு முன்னமே கற்பிக்கப்பட்டிருந்தது. முப்பத்தொரு ஆண்டுகளுக்குப் பின் கம்பளியை நான்காக மடித்துப் போட்டு அமர்ந்தேன்.

விட்டதைத் தொடுதல் புதிதாகத் தொடங்குதலினும் கடினம் என்பதை அப்பொழுது அறிந்தேன். புதியவனுக்கு ஒப்பிட ஏதுமில்லை. பழையவனோ பதினெட்டு வயதின் முதுகையும் முழங்காலையும் நினைத்து, அறுபது வயதின் உடலோடு வழக்காடுகின்றான். பத்மாசனம் எனக்கு இனிக் கூடாது என்பது முதல்நாளே தெளிவாயிற்று. நன்று, திருமூலர் தமது திருமந்திரத்திலே எண்ணும் ஆசனங்களுள் சுகாசனமும் ஒன்றன்றோ? அம்மூவாயிரம் பாட்டுள் மூன்றாந் தந்திரம் அட்டாங்க யோகத்தை விரித்துரைப்பது. பதஞ்சலி முனிவரோ, ஏறத்தாழ இருநூறு சூத்திரங்களுள் ஆசனத்துக்கு மூன்றனையே ஒதுக்கினார். இருக்கை உறுதியாகவும் இன்பமாகவும் இருத்தல் வேண்டும் என்பதே அவர் கட்டளை. காலை முறுக்கி வருந்தச் சொன்னாரில்லை.

அந்நூலிலே என்னை ஆற்றியது வேறோரிடம். யோகத்துக்கு இடையூறுகள் ஒன்பது என அவர் எண்ணுகின்றார். முதலாவது நோய், இறுதியானது, எய்திய நிலையிலே நிலைத்து நில்லாமை. ஈராயிரம் ஆண்டளவு பழைய நூலொன்று, சாதகனுக்குப் பழக்கம் நழுவும் என்பதை முன்னறிந்து, அதற்கொரு பெயருமிட்டு வைத்திருக்கின்றது! ஆகவே இடைவெளி என்பது யோகத்துக்குப் புறம்பானதன்று. அது யோக வழியிலே யாவரும் கடக்கும் ஒரு மேடு என்க.

எம்மூர்ப் புகையிரதப் பாதையே இதற்கு நல்லுவமை. 1924ஆம் ஆண்டு பதுளையை வந்தடைந்த அப்பாதையிலே தெமோதரை நிலையம் உள்ளது. பதுளையிலிருந்து ஏறும் வண்டி முதலில் அந்நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்துள் நுழைந்து, மலையை ஒரு சுற்றுச் சுற்றி, பின்னர் அந்நிலையத்துக்கே மேலே வந்து சேரும். நேரே ஏறமுடியாத உயரத்தைச் சுற்றி ஏறுகின்றது. சுரங்கத்திலே இருந்தபொழுதும் வண்டி பாதையை விட்டு விலகியதில்லை.

இனி, மீளத் தொடங்குவார்க்கு நான் கைக்கொண்ட முறையைச் சொல்வேன். முதல்வாரம் மூன்று நிமிடமே அமர்ந்தேன். இன்னுஞ் சற்று இருக்கலாமே என்ற ஆசை இருக்கும்பொழுதே எழுந்துவிடுதல் நன்று. அவ்வாசை மறுநாளைக்கு அழைத்து வரும். வாரத்துக்கு இரண்டு நிமிடமாகக் கூட்டினேன். இடமும் நேரமும் மாற்றினேனில்லை. விட்ட நாட்களை எண்ணினேனில்லை.

மூச்சின் கணக்கைப் பற்றி எச்சரிக்கை ஒன்றுண்டு. திருமூலர் பூரகத்துக்குப் பதினாறும், கும்பகத்துக்கு அறுபத்துநான்கும், இரேசகத்துக்கு முப்பத்திரண்டும் மாத்திரை கூறினார். இஃது ஆசான் அருகிருக்கப் பயில்வார்க்குரியது. இரத்த அழுத்தமுடையார் மூச்சை அடக்குதல் தகாது. நான் நான்கு எண்ணி உள்ளிழுத்து, ஆறு எண்ணி வெளிவிடுகின்றேன், அடக்குவதில்லை. ஓரெண்ணுக்கு ஒரு வினாடியாயின் நிமிடத்துக்கு ஆறு மூச்சாகும். சாதாரணமாக நாம் விடுவது பன்னிரண்டு முதல் இருபது. மூச்சு இவ்வாறு மெதுவாகும்பொழுது இதயத்துடிப்பும் இரத்த அழுத்தமும் தணிவதை இக்கால மருத்துவரும் அளந்து கண்டுள்ளனர். எனினும் மாத்திரையை நான் நிறுத்தவில்லை. அது வைத்தியர் தீர்மானிக்கும் காரியம்.

சில மாதங்களின் பின், தோட்டத்துக் கோயில் மண்டபத்திலே ஞாயிறுதோறும் மாலையில் பயிற்சி நடத்தத் தொடங்கினேன். முதலில் வந்தோர் ஐவர். அவர்களுள் கொழுந்து பறிக்கும் ஓர் அம்மையார் என்னைக் கேட்ட வினா இன்றும் என் செவியிலுள்ளது: "மாஸ்டர், காலையில பிரட்டுக்குப் போனதுல இருந்து நிறுவை முடியிற வரைக்கும் மலையில குனிஞ்சு நிமிர்றோமே, அதுக்கு மேல எங்களுக்கு என்னங்க ஆசனம்? உக்காந்து வேலை செய்யிறவங்களுக்குத்தானே இது?"

நியாயமான வினா. யோகம் ஓய்வுடையார்க்குரிய ஆடம்பரமாயின் எம்மவர்க்கு அது வேண்டுவதன்று. நான் இரண்டு மறுமொழி கூறினேன். உழைப்பு உடலை ஒரு பக்கமே வளைக்கின்றது. குனிந்த முதுகும் கூடைக் கயிறு இழுத்த கழுத்தும் மறுபக்கம் வளைவதேயில்லை. குப்புறப் படுத்து மார்பை மெல்ல உயர்த்தும் புஜங்காசனமும், மல்லாந்து கிடக்கும் சவாசனமும் அக்கடனைத் தீர்ப்பன. உழைக்கும்பொழுது மூச்சு வேலையின் பின்னால் ஓடுகின்றது. இங்கே உடல் மூச்சின் பின்னால் செல்கின்றது. இது முதலாவது.

இரண்டாவதாகச் சுவாமி சிவானந்தரின் வரலாற்றைச் சொன்னேன். அவர் 1887ஆம் ஆண்டு திருநெல்வேலிச் சீமையிலே பத்தமடையிற் பிறந்து, 1913ஆம் ஆண்டு மலாயாவுக்குக் கப்பலேறி, அங்கே இரப்பர்த் தோட்ட மருத்துவமனையிலே எம்மைப் போன்ற தொழிலாளருக்கு வைத்தியம் பார்த்தவர். பத்தாண்டின் பின்னரே துறவு பூண்டு இரிசிகேசத்தை அடைந்து, 1936ஆம் ஆண்டு தெய்வநெறிக் கழகத்தை நிறுவினார். 1950ஆம் ஆண்டிலே இலங்கைக்கும் வந்தார். அவருடைய மாணாக்கர் சுவாமி சச்சிதானந்தர் 1953ஆம் ஆண்டு இந்நாட்டுக்கு வந்து, மலைநாட்டுத் தலைநகராகிய கண்டியிலே பணியாற்றி, 1966ஆம் ஆண்டிலே அமெரிக்கா சென்று பல்லாயிரவர்க்கு யோகம் கற்பித்தார். இன்று உலகெங்கும் ஜூன் 21ஆம் திகதி யோகா தினம் கொண்டாடப்படுகின்றது. ஐக்கிய நாடுகள் சபை 2014ஆம் ஆண்டிலே தீர்மானித்து, 2015 முதல் நடைபெறுவது. இத்துணைப் பெரிய நீரோட்டத்தின் ஓர் ஊற்று, தோட்டத் தொழிலாளியின் படுக்கையருகே நின்ற வைத்தியரின் உள்ளத்திலே இருந்ததன்றோ?

அம்மையார் சற்று நேரம் பேசாதிருந்து, "முதுகு வலிக்கு நல்லதுன்னா வர்றேங்க. ஆனா கண்ண மூடச் சொல்லாதீங்க. மூடினா மண்ணு சரியிற சத்தந்தான் கேக்குது" என்றார்.

அச்சொல் என்னை உலுக்கியது. 1983இன் பின் நான் அறிந்த அச்சத்தை அவர் வேறொரு பெயராற் கூறினார். "கண்ணைத் திறந்தே இருங்கள், அக்கா. விளக்கைப் பாருங்கள், மூச்சை மட்டும் எண்ணுங்கள்" என்றேன். அவ்வாறே இருந்தார். அன்று முதல் எம் மண்டபத்திலே கண் மூடுதல் அவரவர் விருப்பம். பௌர்ணமி தினத்திலே முதியங்கனை விகாரையிலே சில் அனுட்டிக்கும் என் சிங்கள நண்பரொருவரும் அங்கே மூச்சையே நோக்கி அமர்வதாகக் கூறினார். இரு சமயத்தார்க்கும் மூச்சு ஒன்றே.

தியானம் மலையைத் தாங்காது. கூலியை உயர்த்தாது, பாதுகாப்பான நிலத்திலே வீடு கட்டித் தராது. அவற்றுக்கு வேறு முயற்சி வேண்டும். அதனை விட்டு அமைதி பேசுவது அறமன்று. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியிலே தித்வா புயலின் மழை பதுளை மாவட்டத்தைச் சிதைத்ததை நாடறியும். அவ்விரவுகளிலே நாங்கள் அமர்ந்திருக்கவில்லை. முதியோரையும் குழந்தைகளையும் கொண்டு பாடசாலைக் கட்டிடத்துக்குச் சென்றோம். அங்கே குழந்தைகள் அழுதபொழுது அந்த அம்மையாரே அவர்களைச் சுற்றி அமர்த்தி, நான்கெண்ணி மூச்சை இழுக்கவும் ஆறெண்ணி விடவும் சொல்லிக் கொடுத்தார். அழுகை ஒவ்வொன்றாய் அடங்கியது. அவ்விரவு அவர் கண்களை மூடியிருந்ததை நான் கண்டேன்.

மாணவர்காள்! உங்களுக்கு இன்று உடல் வளையும், காலம் உண்டு. கால்மணி நேரத்தை இப்பொழுதே சேமியுங்கள். என் போன்ற பழைய மாணவர்காள்! உங்களுள் பலருக்குக் கடன், நோய், போர், புலம்பெயர்வு ஆகியவற்றால் அக்கால்மணி நேரம் கைநழுவியிருக்கலாம். அது எங்கும் போய்விடவில்லை. நாளை விடியலில் மூன்று நிமிடம் போதும். கம்பளி ஒன்று போதும். அன்று விடுதியிலே மணியடித்து எம்மை எழுப்பிய ஆசிரியப் பெருமக்களுக்கு நாம் செலுத்தும் காணிக்கையும் அதுவாகுக. நம் கல்லூரி நீடு வாழ்க.