பத்திர விலை

வீடு என்ன விலை போகும் என்ற பேச்சு பேரையூரில் எழுந்தால், பீரோவிலிருந்து முதலில் வெளியே வருவது கிரயப் பத்திரம்தான். 2010-இல் 5 லட்சத்துக்கு வாங்கிய வீடு என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்குப் பத்து சதவீதம் ஏற்றினால் பதினைந்து வருஷத்தில் 21 லட்சத்தைத் தொடுகிறது. ஏழு போதும் என்பவருக்கு 14 லட்சம்கூடத் தேறாது. பன்னிரண்டு என்பவர் 27 லட்சத்தைத் தாண்டிவிடுகிறார். வருமான வரிக்கான பணவீக்கக் குறியீட்டை (2010-11க்கு 167, 2025-26க்கு 376) வைத்துப் பெருக்கினால் 11 லட்சத்துச் சொச்சம். அந்தக் குறியீடு அரிசி, பருப்பு, பஸ் கட்டணம் எல்லாம் சேர்ந்த பொது விலைவாசியைப் பின்பற்றுவது, வீட்டு விலையை அல்ல. இத்தனை விடைகள் வருவதால் எல்லாரும் சதவீதத்தைப் பற்றியே சண்டை போடுகிறார்கள். என் சந்தேகமெல்லாம் அந்த 5 லட்சத்தின் மேல்தான்.

பத்திரத்தில் இருக்கும் தொகை பெரும்பாலும் விற்றவரும் வாங்கியவரும் பேசி முடித்த விலை அல்ல. அன்றைக்கு அரசு அந்தத் தெருவுக்கு வைத்திருந்த வழிகாட்டி மதிப்பு என்னவோ, அதை ஒட்டி எழுதப்பட்டது. அதற்குக் கீழே எழுதினால் முத்திரைச் சட்டத்தின் 47ஏ பிரிவில் பத்திரம் தனித்துணை ஆட்சியரிடம் போய் நின்றுவிடும். மேலே எழுதினால் கூடுதல் தொகைக்கெல்லாம் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். ஆகவே மதிப்பளவுக்கு எழுதி மிச்சத்தைக் கையில் வாங்கிக்கொள்வது பழகிப்போன ஏற்பாடு. இதன் விளைவைப் பாருங்கள். 2012 ஏப்ரலில் வழிகாட்டி மதிப்பு உயர்ந்தது. 2017 ஜூன் 9 அன்று மாநிலம் முழுக்க அதை 33 சதவீதம் குறைத்து, பதிவுக் கட்டணத்தை 1-லிருந்து 4 சதவீதமாக்கினார்கள். 2023 ஏப்ரலில் குறைப்பை விலக்கிக் கட்டணத்தை 2 சதவீதமாக்கினார்கள். 2024 ஜூலையில் மறுபடி திருத்தம். ஒரே தெருவில் 2016-இல் 12 லட்சத்துக்கு ஒரு பத்திரமும் 2018-இல் 8 லட்சத்துக்கு ஒரு பத்திரமும் கிடைத்தால், விலை மூன்றில் ஒரு பங்கு சரிந்துவிட்டது என்று படிக்கத் தோன்றும். அந்த 8 லட்சமே 2023-இல் மறுபடி 12 ஆகும். ஒரே மூச்சில் பாதி ஏற்றம்! இரண்டு தடவையும் மாறியது அரசாணைதான். நடுவில் 2016-17 தனிக் கதை. செப்டம்பர் 9 அன்று அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாதென்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. இரண்டு மாதத்தில், நவம்பர் 8 அன்று, பணமதிப்பிழப்பு வந்தது. அந்த மாதங்களில் விற்றவர் காத்திருக்க முடியாதவராகவும் இருந்திருக்கலாம். அவர் விலையை ஊர் விலையாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

சட்டமே பழைய கிரயங்களை நம்புகிறதே என்பார்கள். நியாயமான கேள்வி. டி. கல்லுப்பட்டி வழியாகப் போகும் திருமங்கலம்–ராஜபாளையம் சாலை போன்றவற்றுக்கு நிலம் எடுக்கும்போது சந்தை மதிப்பைக் கணிப்பது 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் 26-ஆம் பிரிவுப்படி. முந்தைய மூன்று வருஷத்தில் பக்கத்தில் பதிவான கிரயங்களைத் திரட்டச் சொல்கிறது அது. ஆனால் எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி போடச் சொல்லவில்லை. விலை கூடிய மேல்பாதியை மட்டும் எடுத்துச் சராசரி கண்டு, வழிகாட்டி மதிப்போடு வைத்துப் பார்த்து, அதிகமானதைக் கொள்ளச் சொல்கிறது. கீழ்ப்பாதியில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம் என்று நாடாளுமன்றமே சொன்னதாகத்தான் நான் இதைப் படிக்கிறேன். அதோடு, சட்டம் முக்கியமாகத் தேடுவது அந்த நிலத்தின் சொந்தப் பழைய விலையை அல்ல. அக்கம்பக்கத்தின் அண்மை விலைகளை.

அக்கம்பக்கத்துக் கிரயங்களில் எது மெய் என்று கண்டுபிடிக்க வில்லங்கச் சான்றே உதவும். பதிவுத்துறை இணையதளத்தில் அதைக் காசில்லாமல் பார்க்கலாம். ஒவ்வொரு பதிவுக்கும் நேரே கைமாற்றுத் தொகை ஒரு இடத்தில், சந்தை மதிப்பு ஒரு இடத்தில் இருக்கும். இரண்டும் ரூபாய் பிசகாமல் ஒன்றாக இருந்தால் அது வழிகாட்டி மதிப்பைப் பார்த்து எழுதிய பத்திரம் என்று ஊகிக்கலாம். கைமாற்றுத் தொகை கூடுதலாக இருந்து, அதே நாளிலோ அடுத்த சில நாளிலோ வங்கிக்கு உரிமை ஆவணம் ஒப்படைத்த பதிவும் இருந்தால், கடன் வாங்கி வாங்கியவர் முழு விலையையும் எழுதியிருக்கிறார் என்று பொருள். கடனைக் கூட்டி வாங்க விலையைக் கூட்டி எழுதுகிறவர்களும் உண்டுதான். ஆனாலும் பத்துப் பத்திரத்தில் இப்படி இரண்டு கிடைத்தால் மற்ற எட்டையும் தள்ளிவைத்துவிட்டு இவற்றைப் பிடித்துக்கொள்வேன். அண்ணன் தம்பிக்கும் பெற்றோர் பிள்ளைக்கும் எழுதிய செட்டில்மெண்டுகளை முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும். அவற்றில் இருப்பது தீர்வைக்காக எழுதிய எண்.

மெய்யான பழைய விலையே கையில் இருந்தாலும் அதை மொத்தமாகப் பெருக்கக் கூடாது. 10 லட்சத்தில் மனைக்கு 4, கட்டடத்துக்கு 6 என்றால், மனை மூன்று மடங்கான காலத்தில் கட்டடம் தேய்ந்துகொண்டுதான் வந்திருக்கும். இன்று அதே வீட்டைக் கட்ட 15 லட்சம் ஆகும், வயதுக்காக மூன்றில் ஒரு பங்கு கழியும் என்றால், மனை 12, கட்டடம் 10, ஆக 22 லட்சம். கரிசல் மண்ணில் ஆழம் போதாத அஸ்திவாரம் போட்டுச் சுவர் வெடித்திருந்தால் அந்தப் பத்தும் பேச்சுக்குரியதே. தரகர்கள் சென்ட் விலையை முதலில் கேட்டுவிட்டு வீட்டைப் பிறகு பார்ப்பதில் காரணம் இருக்கிறது.

ஒரே வீடு இரண்டு தடவை விற்ற விலைகளை ஒப்பிட்டுக் குறியீடு கட்டும் முறையை அமெரிக்காவில் கேஸ், ஷில்லர் என்ற இருவர் பிரபலமாக்கினார்கள். அதற்கு ஏராளமான கிரயங்கள் வேண்டும். பேரையூரிலோ தாத்தா வாங்கியது பேரனுக்குப் பாகப்பிரிவினையில் வருகிறது. நடுவில் விற்பனையே இருக்காது. ரிசர்வ் வங்கியின் வீட்டு விலைக் குறியீட்டில் தமிழ்நாட்டுக்குச் சென்னை மட்டும்தான் இருக்கிறது. அதை இங்கே கொண்டுவந்து பெருக்குவது வெறும் ஆசை. ஆகவே இங்கே கிடைக்கக்கூடியது ஒற்றை எண் அல்ல, 20-லிருந்து 24 லட்சத்துக்குள் என்பது போன்ற வரம்புதான். அண்ணன் வீட்டை எடுத்துக்கொண்டு தம்பிக்குப் பணம் தரும் பங்கில் வரம்பை வைத்து என்ன செய்வது என்று கேட்கலாம். ஒருவர் அந்த வரம்புக்குள் விலை சொல்லட்டும். அந்த விலைக்கு வீட்டை எடுப்பதா, பணத்தை எடுப்பதா என்பதை மற்றவர் முடிவுசெய்யட்டும். அண்ணன் வேண்டுமென்றே குறைத்துச் சொன்னால் தம்பி வீட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவான்.