பனங்காட்டு மோட்டார் வண்டி

ஏரலுக்கு அண்மையில், தாமிரவருணிக் கரையினின்று கூப்பிடு தொலைவில், பனைகளுக்கும் சீமைக்கருவேலம் புதர்களுக்கும் நடுவே மோட்டார் வண்டியொன்று கிடக்கின்றது. முதற்பருவ விடுமுறையில் அவ்வூரினராகிய நண்பருடன் உலாவச் சென்ற யாம், அதனைக் கோவைக்கொடி படர்ந்த கற்குவியல் என்றே கருதினோம். கொடியைச் சற்றே விலக்கவும், வட்ட விளக்கொன்று எம்மை ஏறிட்டு நோக்கிற்று.

அஃது ஓர் அம்பாசிடர் வண்டி. வங்காளத்து உத்தரபாராவில் 2014ஆம் ஆண்டுவரை செய்யப்பெற்று, அமைச்சரும் வாடகைக்கு அமர்த்துவோரும் ஒருங்கே ஏறிச்சென்ற வண்டி. நீரும் காற்றும் கூடித் தீண்டினாலன்றி இரும்பு துருப்பிடியாதன்றோ? நீர் தேங்கும் அடித்தட்டு முற்றும் அற்றுப்போயிற்று. கூரை மட்டும் நின்றது. அடித்தட்டுப் போன வழியே கைபருமனுள்ள கருவேலமொன்று எழுந்து, பின்கண்ணாடி இருந்த இடத்தால் வெளியே தலைநீட்டியிருந்தது. ஓட்டுநர் இருக்கையின் கம்பிச்சுருள்களிடையே அணில் பனைநாரால் கூடு கட்டியிருந்தது. இவையெல்லாம் கண்ணுக்கு இனியனவே. ஆயின் திறவுகோல் தன் துளையிலேயே துருவேறி நின்றது. வேண்டாமென்று வண்டியை விடுவோர் திறவுகோலையும் விட்டுச் செல்வரோ?

பின்னிருக்கையின் கீழ், இறுகிய வண்டலினின்று நண்பர் ஒரு பொருளை அகழ்ந்தெடுத்தார். எம் உள்ளங்கையளவே உள்ள நீலநிற ரப்பர்ச் செருப்பு, ஒற்றை. யாம் அதனைக் கைக்குட்டையிற் பொதிந்து விடுதிக்குக் கொணர்ந்தோம்.

அன்றிரவு யாம் சொல்லிய கதையை இங்கே விரிப்பதற்கு நாணுகின்றோம். நகை வணிகர் ஒருவர், நன்றி கொன்ற ஓட்டுநர், இருளில் ஒரு குத்து, அவ்வளவே. தமிழ் ஆனர்சு மாணவர்க்குக் கதை கட்டுதல் அரிதோ? அறை நிரம்பக் கூடியிருந்தோர் ஆரவாரித்தனர். அப்பொழுது முதலாண்டு மாணவர் ஒருவர், மேசைமேல் இருந்ததைக் காட்டி, "அண்ணா, இந்தக் குழந்தை என்ன ஆயிற்று?" என்றார். எம் கதையில் குழந்தையே இல்லை. யாம் விடை கூறாது விளக்கை அணைத்தோம்.

உறக்கம் வந்திலது. கண்டவற்றை ஒவ்வொன்றாக எண்ணலானோம். வண்டியின் எண்பலகை மூன்று எழுத்துடைய பழைய முறையினது. 1989ஆம் ஆண்டு ஜூலையில் புதுச்சட்டம் நடைமுறைக்கு வருமுன் பதிவானதாதல் வேண்டும். 2023ஆம் ஆண்டு டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய பெருவெள்ளம் அதனைக் கொணர்ந்ததோ எனின், அங்ஙனமன்று. கருவேலத்தின் பருமை அதற்கு இடந்தரவில்லை. அதற்கு முன்னும், 1992ஆம் ஆண்டு நவம்பரில், தாமிரவருணி கரைபுரண்டது. எம் பெற்றோர் இன்றும் மழைக்காலத்தே சொல்லுவது அவ்வெள்ளத்தையே. இதற்கு மேல் எண்ண எமக்குத் துணிவில்லை.

கிறிஸ்து பிறப்பு விடுமுறையில் மீண்டும் அங்குச் சென்றோம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆச்சி ஒருவர் எம்மைக் கண்டு, "ஏய்யா, அதுக்குள்ள கைய விடாதிய, பாம்பு கெடக்கும்" என்றார். வண்டி யாருடையது என்று வினவினோம்.

"தண்ணி வந்த வருஷத்துக்குப் பொறவு இங்கனதான் கெடக்கு. ஒருத்தரும் தேடி வரல. வண்டிய விட்டுட்டுப் பொழச்சும் போயிருப்பாக. தேடி வர ஆளில்லாமயும் போயிருக்கும்."

இவ்வளவும் சொல்லி, வேலியை நாடிய ஆட்டுக்குட்டியொன்றை அதட்டச் சென்றுவிட்டார்.

வண்டியின் முன்பலகையில் சிறு தகட்டுப் படமொன்று ஒட்டியிருந்ததை அன்றுதான் நோக்கினோம். பிள்ளையாரோ, சிலுவையோ, பிறையோ, துரு அனைத்தையும் தின்றுவிட்டது. எத்திருப்பெயரைச் சொல்லி அவ்வண்டியை எடுத்தனரோ, அப்பெயரைச் சொல்லி வேண்ட விரும்பினோம்; இயலாமையின் எமக்குத் தெரிந்த வண்ணமே வேண்டினோம். செருப்பை எடுத்த இடத்திலேயே வைத்தோம். நண்பர் கதவைச் சாத்த முயன்றார்; கீல் அசையவில்லை. விலக்கிய கோவைக்கொடியை இழுத்து அவ்வாயிலின்மேல் விட்டு, பேசாது ஊர் திரும்பினோம்.